கருவாட்டு மணத்தை எழுதிய பிள்ளைக்கு எந்தப் பாட்டைக் காட்டலாம்?

முள்ளியவளை ரீச்சர்:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 10 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை வகுப்பில் நடந்த ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. பழைய பாட்டுகளில் ஊறியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

கரும்பலகையில் ‘மணம்’ என்று எழுதி, எட்டு வரிக்குள் ஒரு கவிதை எழுதுங்கள் என்றேன். கொப்பிகளை வாங்கிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் மல்லிகை. மிச்சத்தில் சந்தனம், ரோஜா, கற்பூரம். சந்தன மரத்தைக் கண்ணால் கண்ட பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிய விசயம். எங்கள் பக்கம் இலுப்பை பூத்தால் இரவு முழுக்க ஒழுங்கை ஒரு கனத்த இனிப்பில் கிடக்கும், வவ்வால்கள் வந்து அலைக்கும். பாலைப்பழக் காலத்தில் விரலில் பால் ஒட்டி, கழுவினாலும் போகாமல் அந்த வாசம் கொப்பியில் ஏறிவிடும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்தால் உடுப்பில் இரண்டு நாளைக்குப் புகை நிற்கும். இதெல்லாம் தெரியாத பிள்ளைகள் இல்லை. ஆனால் ஒருவரும் எழுதவில்லை.

ஒரு பிள்ளையைத் தவிர. கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. இரவில் தாயின் கையை எடுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டு படுப்பதையும், அந்தக் கையிலிருந்து வருகிற கருவாட்டு மணத்தையும் எழுதியிருந்தாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கிலிருந்து ஒருவன் “நாறுது” என்றான். வகுப்பே சிரித்தது. நான் “சத்தம் போடாதீங்கோ” என்று மட்டும் சொன்னேன். அது போதாது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. இடைவேளை முடிந்து வந்தபோது அந்தப் பக்கத்தை அவள் கிழித்துவிட்டிருந்தாள்.

‘நாறுது’ என்ற சொல்லையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் சிவபுராணம் பாடும்போது “நாற்றத்தின் நேரியாய்” என்ற இடம் வந்தால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் நாற்றம் என்றால் நல்ல வாசம் என்று விளங்கப்படுத்துவேன். மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் வாசத்தை வள்ளுவர் “முகைமொக்குள் உள்ளது நாற்றம்” என்று சொல்வதையும் காட்டுவேன். அதோடு விட்டுவிடுவேன். இப்போது பார்த்தால், எங்கள் வீட்டுப் பேச்சில் மல்லிகையும் மணக்கும், பழுதான மீனும் மணக்கும். மணம் இன்னும் இரண்டு பக்கமும் நிற்கிறது. நாற்றம் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்துபோனது.

என் கேள்வி இதுதான். வேலை செய்கிற கையின், வேலை செய்கிற உடம்பின் மணத்தைப் பாடிய பாட்டு பழைய இலக்கியத்தில் இருக்கிறதா? உவமைக்காக வந்து போவது வேண்டாம். அந்த மணமே பாட்டுக்குள் நிற்கவேண்டும். அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாமல் அதை எப்படி வகுப்புக்குக் கொண்டுபோவது என்றும் சொல்லுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, இருக்கிறது. நற்றிணையில் 45ஆம் பாட்டை எடுங்கள். நெய்தல் திணை. பெரிய ஊர்ச் செல்வனின் மகன் ஒருவன் தேரில் வந்து பரதவர் பெண்ணை விரும்புகிறான். தோழி அவனை மறித்துப் பேசுகிறாள். இவள் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கிறவர்களின் மகள், நீ கொடி பறக்கும் கடைத்தெருக்கள் உள்ள பழைய ஊர்க்காரன் என்று தொடங்கி இப்படிச் சொல்கிறாள்:

“நிணச்சுறா அறுத்த உணக்கல் வேண்டி
இனப்புள் ஒப்பும் எமக்கு நலன் எவனோ?
புலவு நாறுதும் செலநின் றீமோ!”

கொழுத்த சுறாவை அறுத்துக் காயப்போட்டு, கூட்டமாக வரும் பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அழகு எங்கிருந்து வந்தது? எங்களில் புலால் நாறும், தள்ளி நில்லுங்கள். இந்த இடத்தோடு நிறுத்திவிட்டால் உங்கள் பிள்ளைக்கு இது இன்னொரு காயம். கடைசி அடிகளையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்:

“பெருநீர் விளையுள்எம் சிறுநல் வாழ்க்கை
நும்மொடு புரைவதோ அன்றே
எம்மனோரில் செம்மலும் உடைத்தே!”

கடலில் விளைவதைக் கொண்டு வாழ்கிற எங்கள் சின்ன நல்ல வாழ்க்கை உங்களோடு ஒத்துவராது, எங்கள் ஆட்களிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று முடிக்கிறாள். ‘சிறு வாழ்க்கை’ என்று விட்டுவிடாமல் நடுவில் ஒரு ‘நல்’ வைத்திருப்பதைப் பாருங்கள். அந்த ஒரு அசைக்காகவே இந்தப் பாட்டை வருடா வருடம் படிப்பித்தேன்.

இன்னொன்றும் உங்களுக்கு உதவும். உங்கள் வகுப்புப் பெடியன் ‘நாறுது’ என்றான். தோழி ‘நாறுதும்’ என்கிறாள். தன்மைப் பன்மை. எங்களைப் பற்றி இன்னொருவன் அதைச் சொல்ல அவள் இடம் விடவில்லை, தானே முந்திச் சொல்லிவிடுகிறாள். இலக்கணப் பாடத்தில் வினைமுற்று விகுதி படிப்பிக்கும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நாற்றம் பற்றிச் சொன்னீர்கள். புறநானூறு 14இல் கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனுக்குச் சொல்லும் பதில் இருக்கிறது. அரசன் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, மென்மையாக இருக்கிறதே என்கிறான். உன் கை யானையையும் குதிரையையும் வில்லையும் பிடித்துக் காய்த்துப்போனது, நீ தருவதை உண்பதைத் தவிர எங்கள் கைக்கு வேறு வேலை தெரியாது என்று கபிலர் சொல்கிறார். அந்த உணவைச் சொல்லும்போது, “புலவு நாற்றத்த பைந்தடி பூநாற்றத்த புகைகொளீஇ” என்று வருகிறது. பச்சை இறைச்சியின் வாடையும் பூவின் வாசமும் ஒரே சொல்லில், பக்கத்துப் பக்கத்தில். ஆகவே நாற்றம் ஒரு காலத்தில் நறுமணத்தை மட்டும் குறித்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அது இரண்டையும் தாங்கிய சொல்.

அகராதியில் ‘நாறு’ என்பதற்கு முளைத்தல், தோன்றுதல் என்ற பொருளும் உண்டு. வயலில் நடுகிற நாற்று அந்தச் சொல்லோடு சேர்ந்ததுதான். ஒன்று உள்ளே இருந்து வெளியே வருவதைத்தான் நாறுதல் என்றார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

வேலை செய்கிற கை என்று கேட்டீர்கள், அதற்குக் குறுந்தொகை 167. புதிதாகக் குடித்தனம் போன பெண் தயிர் பிசைந்த விரலைத் துணியில் துடைக்கிறாள், அதை மாற்றாமலே கட்டிக்கொண்டு நிற்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. விரலுக்குக் காந்தளும் கண்ணுக்குக் குவளையும் உவமையாக வந்தாலும், கூடலூர் கிழார் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு பூக்கூடச் சூட்டவில்லை. ‘குய்ப்புகை’ என்ற ஒரு சொல்லில் அந்தக் குசினி முழுக்க மணக்கிறது.

செம்மலைக்காரி:

ரீச்சர், ஐயா சொன்ன பாட்டை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. இன்றைக்குத்தான் வாசித்தேன், நாலைந்து தரம் வாசித்தேன். நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள்.

அதை எழுதினவருக்குக் கருவாடு தெரியும். ஏன் சுறாவைச் சொன்னார் தெரியுமா? எங்கள் வாடியில், அதுதான் கரையில் மீன் காயப்போடுகிற கொட்டிலடியில், எத்தனையோ வகை மீன் காயும். நெத்தலி காய்ந்தால் ஒரு மணம், கட்டா, சீலா காய்ந்தால் இன்னொன்று. சுறா அப்படியில்லை. சுறாவின் சதையில் யூரியா இருக்கிறது, உயிர் போன பிறகு அது அமோனியாவாக மாறும். கண்ணைக் கரிக்கிற அந்த வாடை அதனால்தான். தலையில் முழுகினாலும் கையில் நிற்கும். ‘மீன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கடற்கரையிலேயே அதிகம் மணக்கிற ஒன்றைத் தேடி எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணும் அதைத்தான் அவன் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள்.

“இனப்புள் ஒப்பும்” என்பது எங்கள் வீட்டில் என் வேலை. பள்ளிக்கூடத்தால் வந்து சட்டையை மாற்றிவிட்டு ஒரு தடியோடு போய் இருக்கவேண்டும். காகம் ஒன்றாக வராது. ஒன்று முன்னால் நின்று விளையாட்டுக் காட்டும், மற்றது பின்னால் வந்து கொத்தும். பருந்து சத்தமில்லாமல் இறங்கும். நாய்களை வேறு பார்க்கவேண்டும். அங்கே இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தேன், கொப்பியில் உப்பு ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருநாள் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. தள்ளிப் போட்டதுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் கைக்குத் தேசிக்காய்ப் பாதியைப் போட்டுத் தேய்ப்பேன், நகக்கண் எரியும்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையிடம் கருவாட்டு மணம் அழகு என்று தயவுசெய்து சொல்லவேண்டாம். அது அழகு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்றும் தெரிந்துவிடும். அந்தப் பாட்டிலும் அழகு என்று எங்கேயும் இல்லை, புலவு என்றுதான் இருக்கிறது. அவள் எழுதினதும் அழகைப் பற்றி இல்லையே ரீச்சர். அந்த மணம் வந்தால் அம்மா பக்கத்தில் இருக்கிறா என்றுதானே எழுதியிருக்கிறாள்.

கடலைவிட்டு நாங்கள் எங்கெல்லாமோ இருந்த வருடங்களில் என் கையில் மணமே இல்லை. சவர்க்காரம்தான். திரும்பி வந்து, முதல் தரம் அம்மா கிடுகை விரித்து மீனைப் பரப்பினபோது நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் இருந்தேன்.

‘செம்மலும் உடைத்தே’ என்பதைத் தனியே எழுதி வைத்திருக்கிறேன். காதில் எங்கள் ஊர்ப் பெயர் போலவே விழுகிறது.

கனகராயன் ஆற்றங்கரை:

கிளிநொச்சிப் பக்கம் கமம் செய்கிறேன். சங்கப் பாட்டு அவ்வளவு தெரியாது. ஆனால் ரீச்சர் மல்லிகையைக் கொஞ்சம் தள்ளிவிட்டதுபோல் இருந்தது, அதற்காக எழுதுகிறேன்.

2010இல் நாங்கள் மீளக்குடியேறின நேரம் காணியில் கிணறும் அரைச்சுவரும் மட்டும்தான் மிச்சம். தறப்பாள் கொட்டில். மத்தியானத்தில் உள்ளே இருக்கமுடியாது, தறப்பாள் காய்ந்து ஒரு மணம் வரும், அது இப்போதும் எங்கேயாவது வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி அந்தக் கொட்டில் வாசலில் முதல் நட்டது ஒரு மல்லிகைப் பதியம். கத்தரியும் மிளகாயும் பிறகுதான் வந்தன. குடிக்கிற தண்ணீருக்கே நடக்கவேண்டியிருந்த நேரத்தில், முகம் கழுவுகிற தண்ணீரை அதன் அடியில் ஊற்றுவாள். முதல் பூ பூத்த அன்று இரவு மகள் வெளியே போய் அதன் பக்கத்தில் பாயைப் போட்டாள். அந்த மகள் இன்றைக்கு ‘மணம்’ என்று கவிதை எழுதினால் மல்லிகையைத்தான் எழுதுவாள். மற்றவர்கள் எழுதுகிற அதே சொல்லாகத்தான் அது இருக்கும். ஆகவே பிள்ளைகளிடம் எந்த மல்லிகை என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

மழை மணத்தைப் பற்றியும் ஒன்று. கோடையெல்லாம் காய்ந்து வெடித்த மண்ணில் முதல் மழை விழும்போது வருகிற மணத்துக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ஒரு பாதி கல், மறுபாதி தேவர்களின் உடலில் ஓடும் குருதி. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளும் அந்த மணத்தில் சேர்ந்திருக்கிறது. காற்றில் இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடுமாம். நான் நம்புகிறேன். இரணைமடுக் குளத்துக்கு அந்தப் பக்கம் மழை பெய்தால் இங்கே மாடு தலையைத் தூக்கும், அடுத்ததாக நான் தூக்குவேன். காலபோகத்துக்கு, அதாவது மாரிமழையை நம்பிச் செய்கிற நெல் விதைப்புக்கு, எல்லாரும் காத்திருக்கிற மணம் அது. ஐயா நாற்று என்றார், எங்கள் பக்கம் பெரும்பாலும் விதைப்புத்தான். ஆனாலும் முளை கிளம்பின வயலுக்கு ஒரு பச்சை மணம் உண்டு, அதை நாறுதல் என்று சொல்லலாம் என்றால் எனக்குச் சந்தோசம்தான்.

ஆனால் என் தம்பிக்கு அந்த மணம் பிடிக்காது. ஈர மண் மணந்தால் எழும்பி வீட்டுக்குள்ளே போய்விடுவான். அவனுக்கு அது யுத்த நேரத்தில் பதுங்கியிருந்த பங்கரின் மணம். 2009இல் அவனுக்குப் பதினொரு வயது. மண்வாசனை என்று யாராவது இனிமையாக எழுதினதை வாசித்தால் நான் அவனை நினைப்பேன். உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களின் வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அப்படியில்லை. மழையைப் பற்றி எழுதச் சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, மல்லிகையைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அவை வெறும் பட்டியலாக நிற்கவில்லை, அந்தப் பெண்கள் மலையில் அலைந்து பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் அவை. பறித்த கை தெரிவதால்தான் வாசமும் வருகிறது. உங்கள் மனைவி ஊற்றின தண்ணீரும் அப்படித்தான்.

செம்மலைப் பிள்ளை, சுறாவைப் பற்றி நீங்கள் எழுதினது எந்த உரையிலும் நான் பார்க்காதது. நான் நெடுகவும் ‘நிணம்’ என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறேன்.

முள்ளியவளை ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுத்தான் பாடம் நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

யாரையும் எழுப்பவில்லை, போன கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பாட்டைப் பதினொரு அடியும் கரும்பலகையில் எழுதினேன். யார் பாடியது, என்ன திணை என்று ஒன்றும் சொல்லாமல், தெரிந்த சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள் என்றேன். கடல், மீன், மகள், சுறா, இவ்வளவுக்கும் எல்லாரும் போட்டார்கள். ‘உணக்கல்’ ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வகுப்பு சும்மா இருந்தது.

யன்னல் பக்கமிருந்து அவள்தான் சொன்னாள். “காயப்போட்டது ரீச்சர். இல்லாட்டி ஏன் குருவி கலைக்கிறது?”

பிறகு கேள்விகள் வந்தன. சுறாவை ஏன் அறுக்கவேண்டும், முழுதாகக் காயாதா என்று வயல் பக்கத்துப் பிள்ளை ஒன்று கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. எப்படி வெட்டுவது, எவ்வளவு உப்பு, எத்தனை வெயில், மழை இருட்டினால் என்ன செய்வது என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள். செம்மலை அக்கா எழுதின அமோனியா விசயத்தை நான் சொன்னபோது, “ஓம், கண் எரியும்” என்றாள். ‘நாறுதும்’ என்பதில் ‘தும்’ எதற்கு என்று கேட்டேன். ‘நாங்கள்’ என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அன்றைக்கு ‘நாறுது’ என்று சொன்ன பெடியன் குனிந்து கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் கேட்ட கேள்வி, “அந்தத் தேரில வந்தவர் போயிட்டாரா ரீச்சர்?” பாட்டில் அது இல்லை என்றேன். போயிருப்பான் என்று பாதிப் பேர், போயிருக்கமாட்டான் என்று மற்றப் பாதி. மணி அடிக்கும்வரை அதுதான்.

யார் எழுதினது என்று அவள் கேட்டாள். புலவர் பெயர் கிடைக்கவில்லை என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, பாட்டை முழுக்கப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் வந்தாள். கிழித்த பக்கத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. “ரீச்சர், அது எட்டு வரிக்குள்ள வராது” என்றாள். எத்தனை வரி வேண்டுமென்றாலும் எழுது என்றேன்.